கை வைத்த இடம்

ஹவுராவில், சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுக்குப் பின்னாலிருக்கும் தெருவில், அமலா தன் கையைத் தலையில் வைத்து ஆசீர்வதித்து அனுப்பியவர்களுக்கு, அன்று எவ்வளவு மழை பெய்தாலும் அவள் கை பட்ட இடம் நனையாது. மற்றபடி சட்டை நனையும், செருப்புக்குள் தண்ணீர் போகும், சளி பிடிக்கும். உச்சந்தலையில் ஒரு உள்ளங்கையும் ஐந்து விரலும் அளவுக்கு முடி உலர்ந்து கிடக்கும், அவ்வளவுதான். இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்களும் உண்டு. பரீட்சைக்குப் போகும் வங்காளிப் பிள்ளைகளும் ஹவுரா லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவர்களும் அப்படிக் கேட்கவில்லை. "மாஷிமா" என்று வங்காளத்தில் சித்தி முறை சொல்லிக் கூப்பிட்டு வாசலில் தலை குனிவார்கள். அவள் அவரவர் பேரைச் சொல்லி, "ஆண்டவர் ஒங்கூட வரட்டும்" என்பாள். அவளுடைய திருநெல்வேலித் தமிழ் அவர்களுக்குப் புரியாததை மழை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுடைய ஒரே மகன் ஆல்வின், கல்யாணமான மறுவருஷமே டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனான். மருமகள் பூர்ணிமா, தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசும் ஹவுராப் பெண், பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. சில வருஷங்கள் இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆராதனை கேட்டு, ஆல்வினின் சட்டைகளை யாருக்கும் கொடுக்காமல் காலம் தள்ளினார்கள். பிறகு கொல்கத்தா பாலிகஞ்சில் பூர்ணிமாவோடு வேலை பார்க்கும் ஒருவர் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டார். பாதிரியாரிடம் பேசியது அமலாதான், புடவை எடுத்ததும் அவள்தான். எந்த மாமியாருக்கு இந்த மனசு வரும் என்று சபையே மெச்சியது. அமலாவும் தனக்குச் சந்தோஷம் என்றே நம்பினாள்.

கல்யாணம் பாலிகஞ்சில், பூர்ணிமாவின் சித்தி வீட்டிலிருந்து. முந்தின நாள் அவள் கிளம்பும்போது மழை கொட்டியது. அக்கம்பக்கத்தாரும் சபையாரும் வந்து கூடினார்கள், பாட்டுப் பாடி ஜெபம் பண்ணினார்கள். அமலா மருமகளின் தலையில் கை வைத்து, ஒரு வார்த்தை தடுக்காமல் நீளமாக ஆசீர்வதித்தாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பூர்ணிமா பெட்டியோடு முற்றத்தில் இறங்கினாள். மழை அவள் தலை முழுவதையும் நனைத்தது. உச்சியிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கில் சொட்டுவதைத் தெருவே பார்த்தது. எதிர்வீட்டு மாதவி, பார்த்ததை நம்பாமல், குடையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தாள்.

பூர்ணிமா டாக்ஸியில் ஏறவில்லை. திரும்பி வந்து, சொட்டச் சொட்டக் குனிந்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க, அத்தை."

அமலா சொன்னாள். பூர்ணிமா முற்றத்தில் போய் நின்றாள். மறுபடியும் நனைந்தது. டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். அப்புறம் ஏதோ பெரிய காரியம் நடக்கிறது என்று புரிந்து இன்ஜினை நிறுத்திவிட்டான்.

"வாய்தான் சொல்லுது, பிள்ள. மனசு வரமாட்டேங்கு," என்றாள் அமலா, எல்லோரும் கேட்க. "நீயும் போயிட்டா, ஆல்வின்னு ஒருத்தன் இருந்தாம்னு பேச இந்த வீட்ல ஆளு இல்ல. நீ அங்க போய்ச் சிரிப்பேன்னு நெனச்சாலே எனக்குப் பொறுக்கல."

"தெரியும் அத்தை. நீங்க மனசோட அனுப்பினாதான் போவேன். இல்லேன்னா டாக்ஸிய திருப்பி அனுப்பிடலாம். நிஜமாத்தான் சொல்றேன்."

அவள் நிஜமாகத்தான் சொன்னாள், அதுதான் கொடுமை. அமலா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மருமகள் பெட்டியை உள்ளே எடுத்துவைத்து, ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைந்திருப்பாள். யாரும் யாரையும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அமலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சில நிமிஷங்களில் அவள் முகம் பட்ட பாட்டைப் பார்க்க முடியாமல் பலர் தரையைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு கையையும் அந்த ஈரத் தலையில் வைத்தாள்.

"போ. நல்லாச் சிரி. பிள்ளைகளப் பெத்துக்கோ. அவன மறக்கணும்னு தோணிச்சுன்னா மறந்துக்கோ, தப்பில்ல. நான் நெனச்சுக்கிடுதேன்."

ஜெபத்தில் வருகிற வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை. ஆமென் சொல்லவும் எல்லோரும் மறந்துபோனார்கள்.

இந்தத் தடவை அமலாவும் கூடவே இறங்கி நடந்தாள். பூர்ணிமாவின் தலையில், நனைந்திருந்த முடியே அத்தனை மழையிலும் உலர்ந்து, இரண்டு கைகளின் தடம் அருகருகே தெரிந்தது. டாக்ஸிக் கதவருகே அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். பெரியவர் தலையில் சிறியவர் கை வைப்பது அந்தக் குடும்பங்களில் கேள்விப்படாத காரியம். பூர்ணிமா கை வைத்தாள். மாமியாரின் நரைத்த தலையில் வலக்கையை வைத்து, குனிந்து ஏதோ சொன்னாள். தமிழா வங்காளமா என்பதுகூட மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

டாக்ஸி போன பிறகும் அமலா தெருவிலேயே நின்றாள், புடவை உடம்போடு ஒட்டும்வரை. மாதவிதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, நாற்காலியில் உட்காரவைத்து, துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். காதோரம், பின்கழுத்து, நெற்றி என்று நிதானமாகத் துவட்டி, உச்சியில் ஒரு சின்ன உள்ளங்கை அளவு இடத்தை, அங்கே ஈரம் இல்லாததால், அப்படியே விட்டுவிட்டாள்.