ஏகமனதாக

எம்.பி. ஐயா புளியங்குளம் சந்தியில் திரும்பிவிட்டார் என்று காலை பத்து மணிக்குச் சொன்னார்கள். பதினொரு மணிக்கும் அதையே சொன்னார்கள். பன்னிரண்டரைக்குத் தலைவர் கனகலிங்கம் அண்ணை கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி ஓடிவந்து, "இப்பதான் புளியங்குளத்தாலை திரும்பினவராம்" என்றார். ஒரு மனிதன் ஒரே சந்தியில் எத்தனை தரம்தான் திரும்புவான்? அவர் வராமலே விட்டால் எனக்குப் பெரிய புண்ணியம்.

என் பெயர் அருந்ததி. வயல் செய்கிறவர்கள் சேர்ந்த எங்கள் கமக்காரர் அமைப்புக்குப் பதினொரு வருடமாக நான்தான் செயலாளர். எழுத்து வடிவாக இருக்கிறதென்று பிடித்து இருத்தினார்கள், பிறகு எழும்ப விடவில்லை. சம்பளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கூட்டம் நடந்தால் அறிக்கை எழுத வேண்டும், வந்த பிரமுகருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும், அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் கனகலிங்கம் அண்ணை வீட்டுக்கு வந்து, "பிள்ளை, இருபத்தோராம் ஆண்டுக் கூட்ட அறிக்கை எழுதின சீ.ஆர். கொப்பியைக் கட்டாயம் கொண்டுவரட்டாம். ஐயான்ரை ஆள் பாலன் போன் எடுத்துச் சொன்னவர்" என்றார்.

"அது என்னத்துக்கு இப்ப?"

"பசளைப் பிரச்சினைக்கு எல்லாரும் அவரைத்தானே ஏசினம். எங்கடை அறிக்கையிலை உண்மை இருக்காம். அதை வாசிச்சுக் காட்டோணுமாம்."

உண்மையாம்! அந்தக் கொப்பியில் என்ன இருக்கிறது என்பது எனக்கல்லவா தெரியும். இப்போது அது என் மடியில் கிடந்தது. மூன்றாவது வரிசைக் கதிரையில் கச்சு முகம்மது நானா கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். கொப்பியைத் திறந்து வாசித்தால், நாலு வருடமாக நான் அவருக்குச் சொல்லிவந்த பொய் அவருக்குத் தெரிந்துவிடும். ஐயா வரக்கூடாது என்று காலையிலிருந்து நான் நேர்ந்ததும் அதற்காகத்தான்.

இரசாயனப் பசளை இனி இல்லை என்று கொழும்பு ஒரே இரவில் அறிவித்த வருடம் அது. காலபோக விதைப்புக்கு முன்பு இதே பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். ஐயா அப்போது அரசாங்கப் பக்கம். மாவட்டத்தில் விவசாயம் என்றால் அவர் சொல்லுத்தான். இரண்டு கிழமையில் இரசாயனம் சேராத சேதனப் பசளை வந்து இறங்கும், பயமில்லாமல் விதையுங்கள் என்றார். சனம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தது. கச்சு முகம்மது நானா மட்டும்தான் எழும்பினார்.

"ஐயா, தொண்ணூறில முஸ்லிம் சனம் எங்கள ஊர விட்டு எழுப்பி விட்ட பிறகு இருபத்திரண்டு வருசம் புத்தளத்தில அகதியாக் கிடந்து வந்து, பத்தை வெட்டித் திருத்தின காணி இது. யூரியா இல்லாம இந்த மண்ணில ஒண்டும் விளையாது. நான் இதுக்கு உடன்படயில்ல. தங்கச்சி, என்ட பேரப் போட்டு அத எழுதுங்கோ" என்றார்.

பக்கத்தில் இருந்தவர் அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்தார். ஐயா சிரித்தார். "நானா, இதுக்கு நான் பொறுப்பு. விளைச்சல் குறைஞ்சா வந்து என்ரை சேட்டுக் கொலரைப் பிடிச்சுக் கேளுங்கோ" என்றார். சனமும் சிரித்தது. கூட்டம் முடிந்தது.

நான் எழுதவில்லை. ஆரும் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் கூட்டத்துக்கு முதலே வீட்டில் இருந்து அறிக்கையை எழுதிவிடுவேன். கூட்டத்தில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதானே. தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை, நடுவில் ஒரு தீர்மானம். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களுக்கு இடம் விட்டு, 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று முடித்துவிட்டால் வேலை சுகம். பதினொரு வருடத்தில் எங்கள் ஊரில் ஏகமனதாக நடக்காத ஒரு விசயம் கிடையாது, என் கொப்பியின்படி.

அன்றைக்கும் மத்தியானமே எழுதி வைத்திருந்தேன். கமக்காரர் அனைவரும் சேதனப் பசளைத் திட்டத்துக்கு ஏகமனதாக ஆதரவு. நானா சொன்னதைச் சேர்க்க வேண்டுமென்றால் அதை வெட்ட வேண்டும். வெட்டினால் பக்கம் அசிங்கமாகிவிடும். குளத்துத் தண்ணீர் திறக்கிற துருசைத் திருத்துகிற கடிதமும் ஐயாவின் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. என்னத்துக்கு வம்பு என்று விட்டுவிட்டேன். துருசு இன்றைக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

பசளை வரவில்லை. வந்த கொஞ்சமும் குப்பையும் கல்லுமாக வந்தது. பயிர் முழங்கால் உயரத்திலேயே மஞ்சளடித்து நின்றுவிட்டது. முப்பது மூட்டை விளைகிற ஏக்கரில் ஏழும் எட்டும் கண்டோம். மற்றவர்கள் எப்படியோ தட்டுத்தடுமாறி எழும்பினார்கள். நானாவால் முடியவில்லை. உழவு மெசின் போனது, பிறகு காணி குத்தகைக்குப் போனது. இப்போது தன்னுடைய வயலிலேயே குத்தகைக்காரனுக்கு யானைக் காவல் இருக்கிறார். இதைவிடக் கொடுமை வேறு வேணுமோ?

அந்த அறிக்கையை வாசித்த அடுத்த கூட்டத்துக்கு நானா வரவில்லை. அறுவடை முடிந்த பங்குனியில் ஒருநாள் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"தங்கச்சி, அண்டைக்கு நான் சொன்னது அந்தக் கொப்பியில இருக்குத்தானே?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஓம் நானா, இருக்கு" என்றேன்.

"அது போதும். நான் மௌத்தாப் போனாலும் அது இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் எங்கே கண்டாலும், "கொப்பி கவனம், தங்கச்சி. கறையான் அரிக்கும்" என்பார். நானும் "ஓம் நானா, ஓம் நானா" என்று தலையாட்டுவேன். அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வரிதான். அதையும் நான் எழுதவில்லை.

ஒன்றே காலுக்கு ஐயா வந்து இறங்கினார். கட்சி மாறியிருந்தது, வாகனம் மாறியிருந்தது, உடுப்பும் மாறியிருந்தது. இந்த முறை வெள்ளை நஷனல் சட்டை போட்டிருந்தார். பிடித்துக் கேட்பதற்குக் கொலரும் இல்லை. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். வெயிலில் நின்று காய்ந்த பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள்.

முக்கால் மணித்தியாலம் பேசினார். குளம், வீதி, வேலைவாய்ப்பு. போன தடவை பேசியதையே பேசினார். எனக்குப் பாடமாகவே இருந்தது, ஏனென்றால் அதையும் நான்தானே கொப்பியில் எழுதினேன். பேசி முடிந்து கேள்வி ஏதும் உண்டோ என்று கேட்டபோது பின்வரிசையில் தயாபரன் எழும்பினான். இளம் கமக்காரன், கொஞ்சம் வாய்க்காரன்.

"ஐயா, அந்தப் பசளை இல்லாத போகத்திலை நாங்கள் அழிஞ்சதுக்கு ஆர் பொறுப்பு?"

"நல்ல கேள்வி, தம்பி" என்றார் ஐயா. இந்தக் கேள்விக்குத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. "அது கொழும்பு எடுத்த முடிவு. ஆலோசகர்மார் பிழையா வழிநடத்திப்போட்டினம். நான் என்ன செய்தனான்? உங்களிட்டை வந்து, உங்கடை விருப்பத்தைக் கேட்டனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு உங்கடை அறிக்கையே சொல்லும். செயலாளர், ஒருக்கா வாசியுங்கோ."

பாலன் எனக்கு முன்னால் வந்து கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான். பக்கத்தை முதலில் படம் எடுத்தான், பிறகு என்னை.

வாசித்தேன். "கமக்காரர் அனைவரும் சேதனப் பசளைத் திட்டத்துக்கு ஏகமனதாகத் தமது ஆதரவைத் தெரிவித்தனர்."

நானா கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருப்பவர் மாதிரி என்னையே பார்த்தார். நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ்வளவுதானோ தங்கச்சி?" என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

கடவுளே, அந்த நேரம் நிலம் பிளந்து நான் உள்ளே போயிருக்கக் கூடாதா!

"அவ்வளவுதான் நானா" என்றேன். பிறகு ஐயாவின் பக்கம் திரும்பினேன். "இது பொய். கூட்டத்துக்கு முதலே நான் வீட்டிலை இருந்து எழுதினது. அண்டைக்கு நானா எழும்பி, உடன்படயில்லை, என்ரை பேரைப் போட்டு எழுதுங்கோ எண்டு சொன்னவர். நான் எழுதயில்லை. நான் பொறுப்பு எண்டு நீங்கள் சொன்னதையும் எழுதயில்லை. பிழை என்னிலை."

ஐயா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். தடுமாறுவார் என்று நினைத்தேன். நான் ஒரு விசரி.

"சகோதரி உண்மையைச் சொன்னதுக்கு நன்றி" என்றார். "இப்ப விளங்குதோ, பிழை எங்கை நடந்ததெண்டு? நானாவின்ரை மறுப்பு அண்டைக்கே எழுத்திலை என்னட்டை வந்திருந்தா, நான் கொழும்பிலை மேசையிலை அடிச்சுக் கேட்டிருப்பன். எனக்கு வந்தது ஏகமனதான ஆதரவு. உங்களை மட்டுமில்லை, என்னையும் ஏமாத்திப்போட்டினம்."

அவர் அன்றைக்கு நானாவுக்கு நேரே ஐந்து அடி தூரத்தில் இருந்தவர். இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

ஆரோ கை தட்டினார்கள். பிறகு இன்னும் சிலர் தட்டினார்கள். அவர்களிலும் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் போகத்துக்கு ஆரையாவது பிழை சொல்ல வேண்டும் என்று நாலு வருடமாகக் காத்திருந்த சனம். ஐயாவின் கழுத்து எட்டாது. நான் கைக்கெட்டுகிற தூரத்தில், பிழை என்னில் என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

கனகலிங்கம் அண்ணைக்கு முகம் வியர்த்துவிட்டது. "ஐயாவுக்கு முன்னாலையே இதை முடிப்பம்" என்று எழும்பினார். செயலாளரை நிறுத்திவிட்டு, அந்த இடத்துக்கு ராஜினியைப் போடுகிறதென்று தானே முன்மொழிந்தார். ஒருவர் வழிமொழிந்தார். ராஜினி என் பக்கத்து வயற்காரி, பாவம், தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

"ஒருத்தருக்கும் மறுப்பில்லைத்தானே? அப்ப ஏகமனதாக..."

"எனக்கு மறுப்பு இருக்கு" என்றார் கச்சு முகம்மது நானா.

எழும்பி நின்றார். நாலு வருடத்துக்கு முன்பு எழும்பியபோது முதுகு நேராக இருந்தது. இப்போது முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"இவ பொய் எழுதினவதான். என்னட்டயும் பொய் சொன்னவ. அத நான் மறக்க மாட்டன். ஆனா அந்தப் போகத்துக்கு, பிழை என்னில எண்டு இத்தின வருசத்தில ஒரு வாயால வந்தது இவட வாயால மட்டும்தான். அதுக்காக இவவ நிப்பாட்டுறதெண்டா நான் உடன்படயில்ல. என்ட பேரப் போட்டு எழுதுங்கோ."

ஐயா எழும்பிவிட்டார். "நானாவின்ரை கருத்தை நான் மதிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். முல்லைத்தீவில் இன்னொரு கூட்டமாம். வாகனம் போன புழுதி மண்டபத்துக்குள் வந்து அடங்கியது. பாலன் எடுத்த படமும் அதோடு போனது. இன்றிரவு அந்தக் கொப்பிப் பக்கம் ஊரெல்லாம் சுற்றும், ஏகமனதாக என்ற என் வடிவான எழுத்தோடு.

தீர்மானம் கைதூக்கி நிறைவேறியது. எத்தனை கை என்று ஒருவரும் எண்ணவில்லை. சனம் மதியச் சாப்பாட்டுப் பார்சலுக்குப் போய்விட்டது.

அன்றைய அறிக்கையை முடித்துக் கொடுப்பது மட்டும் என் கடமை. புதுக் கொப்பியைத் திறந்தேன். வெட்கக்கேட்டை எங்கே சொல்ல, அதையும் முதல் நாள் இரவே எழுதி வைத்திருந்தேன். தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. தீர்மானத்துக்கு இடம் விட்டு, கீழே 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று இருந்தது.

பேனையை அழுத்திப் பிடித்து அந்தச் சொல்லின் மேல் கோடு இழுத்தேன். ஒரு தரம் போதவில்லை, மூன்று தரம் இழுத்தேன். தாள் கொஞ்சம் கிழிந்தது. அதற்கு மேலே இடுக்கில், செயலாளர் அருந்ததியை நீக்கும் தீர்மானத்துக்குத் திரு. கச்சு முகம்மது மறுப்புத் தெரிவித்தார் என்று எழுதினேன். பழைய கொப்பியையும் எடுத்து அந்தப் பக்கத்தில் அதே மாதிரி வெட்டி, அவர் அன்றைக்குச் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, இன்றைய திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். செல்லுமோ செல்லாதோ, எனக்குத் தெரியாது.

கனகலிங்கம் அண்ணை பார்சலோடு வந்து எட்டிப் பார்த்தார். "பக்கம் அசிங்கமாப் போச்சே, பிள்ளை."

"போகட்டும் அண்ணை" என்றேன்.

மண்டபத்தில் நானா மட்டும் போகாமல் இருந்தார். நான் இரண்டு கொப்பியையும் கொண்டுபோய் அவருக்கு முன்னால் விரித்தேன். "எழுதிட்டன் நானா. வாசிக்கட்டோ?"

"வேணாம்" என்றார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். வரிக்குக் கீழே விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, தானே வாசிக்கத் தொடங்கினார்.