புதுத்தெருவுக்கு ஒரு படம்

"இனிமே ரூமுக்குள்ள வரும்போது கதவைத் தட்டிட்டு வாங்க."

"நம்ம ரூமுக்கா?"

"ஆமா. நம்ம ரூமுக்குத்தான்."

"சரிம்மா."

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலை, ஈரத் தலையும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்த துண்டுமாக நின்று அவள் சொன்னது அது. இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அவள் கணவர் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு கையிலும் காப்பிக் கோப்பை இருந்தால் முழங்கையால் தட்டுவார். ஆபீசுக்கு நேரமாகி, ஒரு காலில் மட்டும் சாக்ஸ் மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடி ஓடி வரும்போதும் தட்டுவார்.

"எங்க அண்ணன் உங்க சொல்லைத் தட்ட மாட்டார் அண்ணி, கதவை மட்டும்தான் தட்டுவார்" என்று நாத்தனார் கேலி செய்வாள். அவளும் சிரித்து வைப்பாள்.

அன்றைக்கு அந்த 'சரிம்மா'வுக்குப் பதிலாக 'ஏன்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் தோளிலேயே அழுது தீர்த்திருப்பாள். அவர் கேட்கவில்லை. அறுவை செய்த இடத்தைப் பார்க்க அவருக்கு மனசில்லை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று எத்தனையோ முறை வாய்வரைக்கும் வந்திருக்கிறது. வெளியே வரும்போது அது 'கரெண்ட் பில் கட்டியாச்சா?' என்று மாறிவிடும்.

நாத்தனார் வீட்டு மாடியில் அவளும் நாத்தனாருமாக இரண்டு தையல் மெஷின்கள் போட்டிருந்தார்கள். அவளைப் போல மார்பகம் எடுக்கப்பட்ட பெண்களுக்கு உள்ளாடை தைப்பதுதான் தொழில். ஆஸ்பத்திரிக் கடையில் வாங்கியது தழும்பின் மேலேயே உரச, பொறுக்க முடியாமல் தையலைப் பிரித்து, மடிப்பை வெளிப்பக்கமாகத் திருப்பி, உள்ளே மெத்தென்று ஒரு பருத்திப் பை வைத்து அவள் தனக்காகத் தைத்துக்கொண்டாள். பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் அதைப் பார்த்து, "எனக்குத் தெரிஞ்ச நாலு பேருக்கு இது வேணுமே" என்றாள். அங்கே ஆரம்பித்தது. பிறகு நாத்தனார் ஒரு வலைத்தளம் போட்டாள். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பெண்களுக்கு நர்ஸ் அந்த முகவரியைச் சொல்லியனுப்புவாள். அவர்கள் அங்கே உட்கார்ந்தபடியே போனில் பார்ப்பார்கள்.

ஆர்டர் நிறைய வந்தது. ஆனால் அளவுகள் எல்லாம் தப்பும் தவறுமாக வந்தன. டேப்பை எங்கே வைப்பது என்று எழுதிப் போட்டால் யாருக்கும் புரியவில்லை. ஒருத்தி திருப்பி அனுப்பிய துணியில் ரத்தக் கறையே இருந்தது. அதைப் பார்த்த அன்றுதான் அவள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, தழும்பின் ஓரமாக டேப்பைப் பிடித்துக்கொண்டு நாத்தனாரின் போனுக்கு முன்னால் நின்றாள்.

"முகம் வராம எடு."

"முகம் வந்தா மட்டும் அழகிப் போட்டிக்கா அனுப்பப் போறேன்? ஆடாம நில்லுங்க அண்ணி."

நாத்தனார் சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள். எடுத்து முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று கீழே இறங்கிப் போனாள்.

அந்தப் படத்தைத் தளத்தில் போட்ட பிறகு ஒரு துணிகூடத் திரும்பி வரவில்லை. கணவரிடம் மட்டும், "அது பொம்பளைங்க பக்கம், நீங்க பார்க்க வேணாம்" என்று சொல்லி வைத்திருந்தாள். "சரிம்மா" என்றார். பார்க்கவே இல்லை. அவர் அப்படித்தான்.

அவர் வேலை செய்வது இணைய முகவரிகளைப் பதிந்து கொடுக்கும் ஆபீசில். ஆபாசத் தளங்களுக்கென்றே தனியாக ஒரு முகவரி வகை கொண்டுவரும் வேலை அங்கே ஒரு வருஷமாக நடந்தது. அதை அவளுக்கு அவர் தெருக்கணக்கில்தான் விளக்கினார்.

"இப்போ அந்தக் கடையெல்லாம் ஊருக்கு நடுவுல இருக்கு. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், ஒரு பக்கம் மருந்துக் கடை. அவங்களுக்குன்னு தனியா ஒரு தெரு போட்டு, முகவரியோட வாலை, அதான் கடைசிப் புள்ளிக்கு அப்புறம் வர்ற எழுத்தை, பார்த்தாலே தெரியற மாதிரி பண்ணிட்டோம்னா, போறவங்க போகட்டும். வேணாம்னு நினைக்கறவங்க தெருமுனையிலயே கேட்டைப் பூட்டிக்கலாம்."

"போறவங்க பேர் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா முதல்ல உன் தம்பி பேர் இருக்கான்னுதான் பார்ப்பேன்."

நல்ல வேலைதான் என்று அவளுக்குத் தோன்றியது. நாத்தனாருக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். தங்கள் தளத்துக்கே அறிவிப்பு வரும்வரை இருவரும் அந்தப் புதுத்தெருவை மனதார வாழ்த்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

தளங்களை முதலில் பிரித்தது ஒரு கணினி நிரல். அதற்குத் தழும்பும் தெரியாது, டேப்பும் தெரியாது. துணியில்லாத மார்பு தெரிந்தது; புதுத்தெருவுக்கு மாற்று என்று எழுதிவிட்டது. மாற்றினால் பள்ளிக்கூடங்களோடு ஆஸ்பத்திரிகளும் அந்தத் தெருவைப் பூட்டிவிடும். நர்ஸ் சொல்லியனுப்பும் முகவரி ஆஸ்பத்திரிக்குள்ளேயே திறக்காது.

"படத்தை எடுத்துட்டா விட்டுடுவாங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"எடுத்துட்டா மறுபடி ரத்தக் கறையோட துணி வரும். பரவாயில்லையா?"

"அப்போ முறையீடு போட்டுடறேன்."

முறையீட்டை மூன்று பேர் கொண்ட குழு ஒன்று பார்க்கும். வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சு வரக்கூடாது என்று, எந்தத் தளம் என்பதை மறைத்துப் படத்தை மட்டும்தான் அவர்களுக்குக் காட்டுவார்கள். அப்படிக் குழுக்கள் பல இருந்தன. ஆபீஸ் சார்பில் அவரும் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். தங்கள் படம் அவர் மேஜைக்கே போகும் என்று அவள் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை சாப்பிடும்போது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"உப்பு கம்மியா?"

"இல்ல. இன்னிக்கு ஒரு படம் வந்துச்சு."

"தினம்தான் வருது. நீங்கதான் வாயே திறக்க மாட்டீங்களே."

"இதை யார்கிட்டயாவது சொல்லணும்போல இருக்கு. யாருன்னு எனக்கும் தெரியாது. ஒரு அம்மா. முகம் இல்ல. ஒரு பக்கம் ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்காங்க, உனக்குப் பண்ண மாதிரியே. கையில ஒரு டேப்பைப் பிடிச்சிட்டு நிக்கறாங்க."

அவள் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. குரலை மட்டும் எப்படியோ நேராக வைத்துக்கொண்டாள்.

"மத்தவங்க என்ன சொன்னாங்க?"

"எங்க குழுவுல ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர். பார்த்ததுமே கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டார். 'துணி இல்லன்னா புதுத்தெருதான், விதியில அப்படித்தானே இருக்கு'ன்னார். வக்கீலம்மா யோசிக்கணும்னாங்க. சனிக்கிழமை முடிவு சொல்லணும்."

"நீங்க?"

"நான் கண்ணாடியைக் கழட்டல" என்றார் அவர். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் மாடியில் நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஊருல இத்தனை குழு இருக்க, எங்க அண்ணன்கிட்டயா போகணும்? சொல்லிட்டீங்களா?"

"இல்ல. சொல்லிடட்டுமா?"

"சொன்னா என்ன நடக்கும்? 'இது எங்க வீட்டு விஷயம்'னு எந்திரிச்சு வந்துடுவார். அப்புறம் அவர் நாற்காலியில வந்து உட்கார்றவர் ஹெட்மாஸ்டரை விடக் கறாரா இருந்தா? நாளைக்கு வரைக்கும் வாயை மூடிட்டு இருங்க. ரெண்டு வருஷமா இருக்கீங்க, இன்னும் ஒரு நாள் முடியாதா?"

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தப் படம் பிழைக்குமா என்ற கவலையை மெல்ல ஓரமாகத் தள்ளிவிட்டு இன்னொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பார்த்துவிட்டார். யார் என்று தெரியாமலே பார்த்துவிட்டார். பார்த்தபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும்?

சனிக்கிழமை அவளுக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. இடது பக்கப் பையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் வலது பக்கத்திலேயே வைத்தாள். நாத்தனார் துணியைப் பிடுங்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போங்க அண்ணி. எனக்கும் உங்களுக்கும் சேர்த்து நானே பதறிக்கறேன்" என்று அனுப்பிவைத்தாள்.

மத்தியானம் அவர் வந்தபோது முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். முழுவதையும் நிதானமாகக் குடித்தார். மனுஷனைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

"அந்தப் படம் என்ன ஆச்சு?"

"எங்கயும் போகல. இருந்த இடத்துலயே இருக்கும்."

அவள் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "ஹெட்மாஸ்டர் எப்படி ஒத்துக்கிட்டார்?"

"எனக்கு வாதாடத் தெரியாதுன்னு உனக்கே தெரியும். ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். 'சார், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்த டேப் எங்க இருக்குன்னு பாருங்க. இது அளவெடுக்கக் காட்டற படம். அந்தத் தெருவுக்குப் போறவன் இதைத் தேடிப் போவானா?'ன்னேன். போட்டுக்கிட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொல்றார், 'என் வீட்டுக்காரி கடைசி வரைக்கும் கைக்குட்டையைச் சுருட்டி உள்ள வச்சிட்டிருந்தா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருந்தா. எனக்குத் தெரியும்னு ஒரு தடவைகூட நான் சொன்னதில்ல'ன்னு. முதல் ஓட்டை அவர்தான் போட்டார். வக்கீலம்மா ரெண்டாவது."

"அப்போ மூணு பேருமே மாத்த வேணாம்னுட்டீங்க."

"மூணு பேருமே."

"உங்க ஓட்டை எடுத்துட்டாக்கூட முடிவு நிக்குமா?"

"நிக்கும். ரெண்டு பேர் போதும். ஏன் கேக்கற?"

காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்களும் ரொம்ப நேரம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்க்க... கஷ்டமா இருந்துச்சா?"

"வலிச்சிருக்குமேன்னு இருந்துச்சு. அந்த டாக்டருக்கு நேரா தைக்க வராது போல. அக்குள் பக்கம் வந்ததும் தையல் மேல ஏறிப் போச்சு. நீயா இருந்தா பிரிச்சுட்டு மறுபடி தைச்சிருப்ப." சிரிக்க முயன்றார். சிரிப்பு பாதியில் நின்றது. "உனக்கும் இப்படித்தான் இருக்குமோன்னு நினைச்சுக்கிட்டே பார்த்தேன். யாரோ ஒருத்தங்க படத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கேன்னு இருந்துச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நீதானே தட்டிட்டு வரச் சொன்ன. பார்க்கறது உனக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன். உனக்குப் பிடிக்காததை நான் எதுக்குக் கேக்கணும்?"

இரண்டு வருஷமாக ஒரே கதவின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் நல்லது செய்வதாக நினைத்திருக்கிறோம். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அவர் முன்னால் காட்டப் பயந்து, டம்ளரோடு அறைக்குள் போய்விட்டாள். பழக்க தோஷத்தில் கை தானாகக் கதவைச் சாத்தியது.

ஜன்னல் திரையை ஒரு பக்கமாக இழுத்து விட்டாள். மத்தியான வெயில் கட்டில்வரை வந்து விழுந்தது. சட்டையின் மேல் பொத்தானில் கை வைத்தாள். விரல்கள் கீழே இறங்கி, துணிக்கு மேலாகவே, தையல் மேலே ஏறும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தன. அவர் சொன்னது சரிதான். பிரித்துவிட்டு மறுபடி தைத்திருக்கலாம்.

வெளியே காலடி ஓசை கேட்டது. சட்டை மாற்ற வருகிறார். கதவருகே வந்து நின்றார். வழக்கம்போல மெதுவாக ஒரு தட்டு.

கரெண்ட் பில் கட்டியாகிவிட்டது. காய்கறி வாங்கியாகிவிட்டது. மாற்றிச் சொல்ல இன்றைக்கு அவளிடம் வேறெதுவும் மிச்சமில்லை.

"ஏங்க" என்றாள். விட்டுவிடாமல் சொல்லி முடித்தாள். "அந்தப் படத்துல நிக்கறது நான்தான். இனிமே தட்டாதீங்க. உள்ள வாங்க. வந்து என்னைப் பாருங்க."