நிழலைப் பாரு

மித்ரா வீட்டிலிருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துணி போட்டு மூடிக்கொண்டே வந்தாள். கூடத்துக் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, அலமாரிக் கதவு எல்லாம் முடிந்ததும் ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டர் திரையின் மேலும் ஒரு கறுப்புச் சால்வையைப் போர்த்தினாள். சாவு வீட்டில் எதிலும் முகம் தெரியக் கூடாது. இருண்டு கிடந்த அந்தத் திரையில் அவள் முகம் நன்றாகவே தெரிந்தது.

"அக்கா, அதை விட்டுடுங்க," என்றாள் ஸ்லாத்கா.

"இதுவும் கண்ணாடிதானேம்மா. போற உயிரு வழி தெரியாம இதுக்குள்ள போய் மாட்டிக்கப் போவுது."

"உயிரோட இருந்தப்பவே அவரு அதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டுக் கெடந்தாரு."

கேலியாகத்தான் சொல்ல நினைத்தாள். பாதியிலேயே குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. மித்ரா சால்வையை எடுக்கவில்லை. ஓரகத்தியின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, சாவுக்குப் படைக்கிற கோதுமையை வேக வைக்கச் சமையலறைக்குப் போனாள்.

அடுத்த அறையில் ஸ்லாத்காவின் புருஷன் ல்யூபென் வாசல் பக்கம் கால் நீட்டிப் படுத்திருந்தார். கோட்டுப் போட்டிருந்தார், தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிந்தது. வாழ்நாள் முழுக்க ரொட்டி வண்டி ஓட்டிய மனுஷன். விமானம் என்றால் பைத்தியம். ஆனால் ஒரு தடவைகூட ஏறியதில்லை. காதில் சின்ன வயதிலிருந்தே கோளாறு, மேலே போனால் வெடித்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மகள் இஸ்க்ரா இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தைத் திறந்து காட்டிவிட்டு ஸ்பெயினுக்குப் போனாள். அன்றிலிருந்து மனிதர் தினமும் சாயங்காலம் பறந்தார்.

ஸ்லாத்கா பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பாள். அவர் கடல்களைத் தாண்டுவார். பாலைவனத்தில் யாருக்கும் வேண்டாத விமானங்கள் இறக்கையோடு இறக்கை ஒட்டிப் படுத்திருக்கும் இடத்துக்குப் போவார். சில நாள் பச்சை வயலுக்கு மேலே ஒரு விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே படத்தில் அகப்பட்டிருக்கும். அதன் பக்கத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மெல்லிய சாயல்கள் பிரிந்து நிற்கும். நின்றுகொண்டிருக்கும் விமானத்துக்கு அந்த வர்ணம் வராதாம், ஓடுகிறதுக்குத்தான் வருமாம். அப்போது வீடே அதிரக் கத்துவார்: "பிடிச்சுட்டேன்!"

"ஆமா, கொசு பிடிச்சுட்டீங்க," என்பாள் இவள்.

"உனக்குப் பாக்கத் தெரியலை. மேல இருந்து பாத்தா எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் குச்சிதான். நிழலைப் பாரு. வால் எவ்வளவு உசரம், எஞ்சின் எங்க தொங்குதுன்னு நிழல்தான் சொல்லும். எது எந்த விமானம்னு நிழலை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

நேற்றும் கூப்பிட்டார். அவள் முற்றத்து அடுப்பில் குளிர்காலத்துக்கான சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஸ்லாத்கா, ஓடி வாயேன்! ஒண்ணு காட்டறேன்!"

"மிளகாய் கருகுது. அப்புறம் வரேன்."

அப்புறம் போனபோது அவர் தலை மேஜை மேல் சாய்ந்து கிடந்தது. திரை தானாக இருண்டுவிட்டிருந்தது. எதைக் காட்டக் கூப்பிட்டார்? எத்தனையோ விமானம் காட்டியிருக்கிறார், இவளும் உம் கொட்டியிருக்கிறாள். இதையும் பார்த்து ஒரு உம் கொட்டியிருக்கலாம். எதையாவது தொட்டு அது காணாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, அவள் அந்த மேஜைப் பக்கமே போகாமல் இருந்தாள்.

கார்ச் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு ராங்கெல் உள்ளே வந்தார். ல்யூபெனின் அண்ணன், மித்ராவின் புருஷன்.

"படம் எங்க? அச்சுக்கடைக்காரன் மத்தியானம் கடையைச் சாத்திடுவான். கேட்டுல ஒட்டணும், ரொட்டிக் கடையில ஒட்டணும், பஸ் நிக்கிற எடத்துல ஒட்டணும். நாளைக்கு எடுக்கறோம், இன்னும் ஊருக்கே அறிவிப்புப் போகலை."

காலை விமானத்தில் வந்து இறங்கியிருந்த இஸ்க்ரா தரையில் உட்கார்ந்து இழுப்பறைகளைக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள். "எல்லாத்துலயும் விமானம்தான் இருக்கு பெரியப்பா. அப்பா எங்கயும் இல்லை. இந்த அடையாள அட்டை ஒண்ணுதான்."

ராங்கெல் வாங்கிப் பார்த்தார். "கோழி திருடி மாட்டிக்கிட்டவன் மாதிரி இருக்கான். சரி, இந்த மெஷினுக்குள்ள ஏதாவது படம் வெச்சிருப்பான். இதை ஒரு தடவை நிறுத்திப் போட்டா..." என்று சுவர் ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டு போனார்.

"தொடாதீங்க மாமா!"

ஸ்லாத்கா போட்ட கூச்சலில் சமையலறையிலிருந்து மித்ரா ஓடி வந்தாள்.

"நேத்து அவரு விட்ட எடத்துலயே நிக்குது அது," என்றாள் ஸ்லாத்கா. "என்னைக் கூப்பிட்டாரு. நான்தான் போகலை."

இஸ்க்ரா எழுந்து வந்து சால்வையை விலக்கினாள். தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல மவுஸைத் தொட்டாள். திரை வெளுத்தது.

பாலைவனமோ ஓடுதளமோ வரும் என்றுதான் ஸ்லாத்கா நினைத்திருந்தாள். வந்தது சிவப்பு ஓட்டுக்கூரை ஒன்று. மூலையில் உடைந்த ஓடு. முற்றத்தில் இலையில்லாத பேரி மரம்.

"நம்ம வீடும்மா," என்றாள் இஸ்க்ரா. "வரைபடத்துல புதுப் படம் போட்டிருக்காங்க."

"வீட்டைக் காட்டவா அப்படிக் கத்தினாரு? வீட்டைத்தான் தெனமும் பாக்கறேனே."

திரும்பப் போனவள் நின்றாள். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தாள். பேரி மரத்துக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன. அவற்றிலிருந்து புல் மேல் நீளமாக இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன. ஒரு நிழல் கையைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தது. ஒட்டினாற்போல நின்ற இன்னொன்றுக்கு இரண்டு பக்கமும் வளைந்த காது, ஜாடிக்கு இருப்பதுபோல.

அந்தக் காலை நேரம் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. வயல்களைப் படம் எடுக்கிற குட்டி விமானம் உழுகிறதுபோல வானத்தில் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கேட்டதும் மனிதர் பைஜாமாவோடு முற்றத்துக்கு ஓடினார். காபி ஆறுதே என்று இவளும் பின்னாலேயே போனாள்.

"யாருக்குக் கையாட்டறீங்க? அவனுக்கு நீங்க தெரிவீங்களா?"

"தெரிய வேண்டாம். நீ நகராம நில்லு."

நகராமல்தான் நின்றாள். கோபத்தில் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு.

ஸ்லாத்கா திரையில் அந்த ஜாடியின் மேல் விரலை வைத்தாள். விரலில் இன்னும் சுட்ட மிளகாய் வாசம் இருந்தது.

"இந்தப் படத்தையே போடுங்க," என்றாள்.

"இது படமா? மூஞ்சி எங்க?" என்றார் ராங்கெல். "ஊரு என்ன பேசும்? மரத்தைப் பொதைக்கறோம்னு நினைப்பாங்க. அதோட, உயிரோட இருக்கறவளைச் சாவு அறிவிப்புல போடறதா? அபசகுனம்!"

"உன்னை மட்டும் வெட்டிடறேம்மா," என்ற இஸ்க்ரா பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கியும் பயனில்லை. ஜாடியின் ஒரு காது அவருடைய நிழலுக்குள் போயிருந்தது. எங்கே வெட்டினாலும் அவருடைய பாதி போய்விடும்.

"வெட்டாத," என்றாள் ஸ்லாத்கா. "அது நான்னு யாருக்குத் தெரியும்? ஜாடின்னு நினைச்சுக்கட்டும்."

ராங்கெல் மித்ராவைப் பார்த்தார். மித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடை சாத்திடும், போங்க," என்றாள்.

சாயங்காலம் அறிவிப்புத் தாள் அச்சாகி வந்தது. கேட்டில் தானே ஒட்டுவேன் என்று பசைக் கிண்ணத்தோடு போனாள் ஸ்லாத்கா. ரொட்டி வாங்கித் திரும்பிய இரண்டு பெண்கள் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒருத்திக்குத் திடீரென்று பிடிபட்டிருக்க வேண்டும், சட்டென்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். அவளைப் பார்த்து மற்றவளும் பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை.

அவர்கள் போனதும் ஸ்லாத்கா கேட்டைச் சாத்திக்கொண்டு பேரி மரத்தடிக்கு வந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. தன்னையறியாமல் இடுப்பில் கை வைத்தபோது, புல்லின் மேல் ஜாடி மட்டும் தனியாக விழுந்தது.

அவள் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.