அசையாத கை

அந்த வார்டில் அம்மாக்கள் மூத்த நர்சுக்கு வைத்திருந்த பெயர் மிலிட்டரி. குறைமாதக் குழந்தைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே யாராவது குரலை உயர்த்தினால் போதும், முறைத்தே வாசலுக்கு அனுப்பிவிடுவாள். பெட்டிமேல் டீ கப்பை டொக்கென்று வைத்த பெரிய டாக்டருக்கே ஒருநாள் விழுந்தது. "உள்ள இருக்கறவனுக்கு இடி விழுந்த மாதிரி இருக்கும் சார். எடுங்க." அவரும் கப்பை எடுத்துக்கொண்டு போனார்.

தடவக் கூடாது என்பதுதான் அவளுடைய முதல் சட்டம். ஆசையாய்த் தடவினாலும் அந்த மெல்லிய தோல் தாங்காது, மூச்சு தடுமாறும். ஒரு கையால் தலையையும் மறு கையால் பாதங்களையும் மூடி, அசையாமல் வைத்திருந்தால் பிள்ளை அடங்கும். சும்மா வாய்க்கு வந்ததா இது? எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளில் பார்த்து, அளந்து, எழுதிவைத்ததைத் தேடித் தேடிப் படித்து, டாக்டர்களோடு மல்லுக்கு நின்று அவள் கொண்டுவந்த வழக்கம். அதனால் பிழைத்துப் போன பிள்ளைகள் உண்டு.

ஓரப் பெட்டிக்காரனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. உள்ளங்கையில் அடங்குகிறவனை அவள் "பெரியவரே" என்றுதான் கூப்பிடுவாள். வந்த புதிதில் அவன் அம்மா ஆசை தாங்காமல் முதுகை வருடிவிட்டாள். அலாரம் அலறியது, பிள்ளை நீலம் பாரித்துப் போனான். மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்த கையோடு மிலிட்டரி அந்தப் பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அன்றிலிருந்து பெட்டிக்குள் கை விட்டால் அவள் சிலைதான். புதிதாக வரும் அம்மாக்களுக்கு நர்ஸ் அவளைத்தான் காட்டுவாள். "பாருங்க, கை அசையுதா? அப்படி இருக்கணும்."

இன்று மத்தியானம் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். மூளைக்குள் ரத்தம் பரவிவிட்டது. இனிப் பிழைக்கமாட்டான், மூச்சுக் குழாயை எடுத்துவிடலாம் என்று பெற்றவர்களை உட்காரவைத்து அவரே சொன்னார். அப்பா வராந்தாவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

இத்தனை நாளும் நர்ஸ் என்னதான் செய்யவில்லை? வெளிச்சம் படாமல் துணி போட்டாள், தூக்கத்தைக் கலைக்காமல் வேலைகளைச் சேர்த்துச் செய்தாள், தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாய்க் கொடுத்தாள். எதில் குறை வைத்தாள்? என்ன செய்து என்ன, பாவி மனுஷி!

அலாரத்தின் சத்தத்தை அணைத்தாள். பெரியவரை அம்மாவின் வெறும் மார்பில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டாள். டாக்டர் மூச்சுக் குழாயை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அம்மாவின் ஒரு கை தலையிலும் மறு கை பாதங்களிலும் போய் உட்கார்ந்தது.

"தடவிக் குடும்மா," என்றாள் நர்ஸ்.

"வேணாம் சிஸ்டர். மூச்சு நின்னுரும்."

"இனிமே ஒண்ணும் ஆகாதும்மா. நான்தான் சொல்றேன்ல, ஆசை தீரத் தடவு." குரல் உடைந்தது. அந்த வார்டில் யாரும் அவளிடம் கேட்டிராத குரல் அது.

அம்மா மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் குனிந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். நிமிர்ந்து நர்சைப் பார்த்தார்.

"மெதுவா சார்," என்று கிசுகிசுத்தாள் அம்மா. "இப்பத்தான் அடங்கியிருக்கான். நான் அசையவே இல்ல, சிஸ்டரைக் கேளுங்க."

நர்ஸ் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். போர்வைக்குள் அந்த இரண்டு கைகளும், அவள் சொல்லிக்கொடுத்தபடியே, அசையாமல் இருந்தன.