பீப்பாய்க்கார கவர்னர்

போன வாரம் என் கடைக்கு ஒரு சின்னச் சீமாட்டி வந்தாள். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தில், தேம்ஸ் தெருவில் என் வீட்டு ஜன்னல்தான். வெல்லப்பாகும் இஞ்சியும் போட்ட கேக்கை அங்கே அடுக்கி வைத்து விற்கிறேன். அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே கூட வந்தவளிடம் சொல்கிறாள்:

"அடிமை கிடிமை எல்லாம் தெக்க, கரோலினா பக்கந்தான்டீ. நம்ம நியூபோர்ட்ல அவங்கள வீட்டுப் பிள்ளைங்க மாதிரி வச்சிருந்தாங்களாம். வருஷா வருஷம் அவங்களே அவங்களுக்கு ஒரு கவர்னரைத் தேர்ந்தெடுத்துக்குவாங்களாம். குதிரை, வாள், விருந்து, ஒரே கொண்டாட்டமாம். இல்லையா ஜூபா?"

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அவளுக்குப் பதினெட்டு இருந்தால் அதிகம். "குதிரை நெசந்தாம்மா" என்று சொல்லி, மீதிக் கேக்கைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு ஜன்னலைச் சாத்தினேன். வீட்டுப் பிள்ளையாம்! குதிரையை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதில் ஏறியவனைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அதனால் நான் பேசுகிறேன்.

அப்போது நான் கேப்டன் ஆல்ப்ரோ வீட்டுச் சமையற்கட்டில் இருந்தேன். என் புருஷன் பிரைமஸ், ஹாக்ஸி துரை வீட்டில் வண்டியோட்டி. சனிக்கிழமை இரவு வருவார், ஞாயிறு மாலை போவார். ஒரு வீட்டுச் சொத்தும் இன்னொரு வீட்டுச் சொத்தும் கல்யாணம் செய்துகொண்டால் குடித்தனம் அவ்வளவுதான். பிரைமஸ் பேச ஆரம்பித்தால் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவன்கூட மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பான். ஆடினால் கேட்கவே வேண்டாம்.

அவருக்கு நேர் எதிர் குவாக்கோ. எங்கள் கேப்டனுக்குப் பீப்பாய் செய்கிறவன். காலை வணக்கம் சொன்னால்கூட 'அதுக்கென்ன இப்ப' என்பதுபோல் முறைப்பான். கேப்டனையும் அப்படித்தான் முறைப்பான், அதுதான் வினை. பிரைமஸும் அவனும் ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து ஒரே கப்பலின் அடித்தட்டில் சிறுவர்களாக வந்து இறங்கியவர்கள். அந்தப் பயணத்தைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை எங்கள் தேர்தல். தெருக்கோடிப் பெரிய மரத்தடியில் கூடுவோம். போட்டிக்கு நிற்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். யார் வேண்டுமோ அவர் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டியது. வரிசை எண்ணுகிற கிழவர் "அசையாதே!" என்று கத்துகிறவரைக்கும் இடம் மாறலாம். கத்திய பிறகு மாறக்கூடாது. எந்த வரிசை நீளமோ அவர் கவர்னர். எங்களுக்குள் கோழித் திருட்டு, அடிதடி என்று வந்தால் வருஷம் முழுக்க அவர்தான் தீர்ப்புச் சொல்வார்.

எஜமான்கள் குதிரை தருவார்கள், கோட்டு தருவார்கள், இடுப்பில் கட்ட வாள் தருவார்கள். பாசமா? தன் ஆள் கந்தலோடு போனால் அவருக்கல்லவா கேவலம்! ஜெயித்தவனின் எஜமான் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும். மற்ற துரைமார்கள் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள், ஏதோ அவரே ஜெயித்த மாதிரி.

அந்த வருஷம் பிரைமஸ்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. எஜமானியம்மாவின் பழைய நீலத் திரைச்சீலையைக் கேட்டு வாங்கி, இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து அவருக்கு ஒரு கோட்டுத் தைத்தேன். எனக்கும் ஆசை இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? கவர்னர் பெண்டாட்டியாக விருந்து மேஜையின் தலைப்பக்கம் உட்கார வேண்டும், ஒரே ஒரு வேளை யாராவது எனக்குப் பரிமாற வேண்டும்.

மே மாதம் ஒரு நாள் மதியம் கேப்டனுக்கு மீன் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவர் எஜமானியம்மாவிடம் சொன்னார்: "அந்த குவாக்கோ மூஞ்சியப் பாத்தா சோறு இறங்க மாட்டேங்குது. இலையுதிர்ல கப்பல் போறப்ப சுரினாமுக்கு ஏத்திடறேன். கைவேலை தெரிஞ்சவனுக்கு அங்க தோட்டக்காரன் வெல்லப்பாகு நெறையக் குடுப்பான்."

எங்கள் ஊரிலிருந்து சுரினாம் கரும்புக் காட்டுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. பாகு மட்டும் வரும். அதைக் காய்ச்சி ரம் எடுப்பார்கள். அந்த ரம்மைக் கினிக்குக் கொண்டுபோய் எங்களைப் போல இன்னும் ஆட்களை வாங்குவார்கள். அன்றைக்குப் பட்டறையில் குவாக்கோ தட்டிக்கொண்டிருந்ததும் அந்தப் பாகு வருவதற்கான பீப்பாய்களைத்தான். தன் விலையை அள்ளிவரத் தானே பாத்திரம் செய்துகொண்டிருந்தான்.

சனிக்கிழமை பிரைமஸிடம் சொன்னேன். தைத்து வைத்திருந்த கோட்டை எடுத்துப் பார்த்து மடித்து வைத்தார். பிறகு, "கவர்னரா இருக்கிறவன எந்தத் தொரையாவது வித்திருக்கானா?" என்று கேட்டார்.

"எப்படி விப்பான்? ஊரே காறித் துப்பாது? சோறு போட வக்கில்லாம கவர்னரையே வித்துட்டான்னு..."

சொல்லும்போதே அவர் எங்கே வருகிறார் என்று புரிந்துவிட்டது. கோட்டைத் தூக்கி அவர் மேல் வீசினேன்.

"ஏய்யா, நான் கண்ணு பூத்துப் போயி தச்சது அந்தச் சிடுமூஞ்சிக்கா? அவனுக்கு எவன்யா நிப்பான்?"

"ஒரே கப்பல்ல வந்தோம், ஜூபா."

இரவெல்லாம் அழுதேன். காலையில் எழுந்து கோட்டின் தோள்பட்டையைப் பிரித்தேன். குவாக்கோவுக்குத் தோள் அகலம்.

எஜமானியம்மாவைக் கிளப்புவது பெரிய வேலையாக இல்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டே, "ஹாக்ஸி வீட்டம்மா இப்பவே விருந்துக்குப் பன்னி சொல்லிட்டாங்களாம்" என்றேன்.

"ஜெயிக்கிறதுக்கு முன்னாடியேவா? திமிரப் பாரு! நம்ம வீட்ல நிக்க ஆளே இல்லையா?"

"குவாக்கோ இருக்கான். கேப்டன் ஐயாதான் அவன ஆகாதுங்கிறாரு."

"ஐயாவ நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்றிரவே கேப்டனின் சாம்பல் குதிரை குவாக்கோவுக்கு என்று முடிவாகிவிட்டது. நாங்கள் சமையற்கட்டுச் சமையற்கட்டாகச் செய்தி அனுப்பினோம்: குவாக்கோ பின்னால் நில்லுங்கள், இல்லாவிட்டால் அவனுக்குச் சுரினாம்.

எல்லோரும் கேட்டுவிடுவார்களா என்ன? தேர்தலன்று மரத்தடியில் பார்த்தால் பிரைமஸ் வரிசைதான் நீளம். "அந்த மூஞ்சிய எவன் வருஷம் பூரா பாக்கிறது?" என்று இளவட்டங்கள் சிரித்துக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றார்கள். இந்தப் பக்கம் குவாக்கோ நீலக் கோட்டில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். துரைமார்கள் வேலியோரம் வேடிக்கை பார்த்தார்கள். கிழவர் கத்த வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் பெரியவரே, ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்" என்றார் பிரைமஸ். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"நான் கவர்னரானா ஞாயித்துக்கெழம ஆட்டம் கெடையாது. ஃபிடில் வாசிக்கிறவன் வில்ல ஒடிப்பேன். ரம் குடிச்சு எவனாவது என் முன்னாடி வந்தா இருபது பிரம்படி. அப்புறம் பொம்பளைங்களுக்கு..."

"யோவ், உனக்கு என்ன ஆச்சு?" என்று யாரோ கத்தினார்கள்.

"...பொம்பளைங்களுக்கு வாய்ப்பூட்டு!"

முதலில் பெண்கள் போனார்கள். பின்னாலேயே ஃபிடில்காரர்கள் போனார்கள். அவர் விடாமல் பேசப் பேச வரிசை கரைந்து எதிர்ப்பக்கம் சேர்ந்தது. அவர் பேச்சுக்கு ஆள் கலைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வேலியோரம் ஹாக்ஸி துரையின் முகம் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்தது.

"அசையாதே!"

குவாக்கோ கவர்னர். சாம்பல் குதிரையில் மூட்டையைப் போல் உட்கார்ந்துகொண்டு, பிடரி மயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஊர்வலம் போனான். கேப்டன் எல்லோரிடமும் கை குலுக்கி, "என் ஆளு! நான் அப்பவே சொன்னேன்!" என்றார். விருந்தில் தோற்றவர்தான் முதல் கிளாஸைத் தூக்க வேண்டும், அது வழக்கம். பிரைமஸ் தூக்கினார். நான் எப்போதும்போல் அடுப்படியில் இருந்தேன்.

இலையுதிர் காலத்தில் கப்பல் குவாக்கோ இல்லாமல் போனது. அடுத்த ஜூனிலும் அவனையே நிறுத்தி ஜெயிக்க வைத்தோம். கறுப்பர்களுக்கு அந்தச் சிடுமூஞ்சியை என்னமாய்ப் பிடித்திருக்கிறது என்று துரைமார்கள் அதிசயப்பட்டார்கள். கேப்டன் மட்டும் அவனை விற்பதை மறக்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் என்னைக் கேட்பார்: "என்ன ஜூபா, இந்த வருஷமாவது ஆள மாத்துவீங்களா?"

ஹாக்ஸி துரையும் மறக்கவில்லை. ஊர் முன்னால் பட்ட அவமானம். பிரைமஸை வண்டியிலிருந்து இறக்கி ரம் காய்ச்சும் அடுப்புக்கு அனுப்பினார். கோட்டுப் போட்டு மிடுக்காக வண்டியோட்டியவர் சனிக்கிழமைகளில் கரியும் இருமலுமாக வந்தார். மூன்றாம் வருஷம் மே மாதம் வந்தபோது தொப்பியைக் கழற்றாமலே கதவோரம் நின்றார்.

"கரோலினாவுல விக்கப்போறாராம். பனி விழறதுக்கு முன்னாடி."

நான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன செய்வது? ஒரு கவர்னர் பதவிதான் இருந்தது. அதற்குள் ஓர் ஆள்தான் ஒண்ட முடியும். பிரைமஸ் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்: இதை யாரிடமும் சொல்லக்கூடாது, முக்கியமாகக் குவாக்கோவிடம். நானும் சொல்லவில்லை. ஆனால் ஹாக்ஸி வீட்டிலும் சமையற்கட்டு இருக்கிறதே!

அந்த ஜூனில் ஹாக்ஸி துரை ஆளே நிறுத்தவில்லை. குவாக்கோவுக்கு எதிராக வேறு வீட்டுப் பையன் ஒருவன் பேருக்கு நின்றான். குவாக்கோ வரிசை மரத்தடியிலிருந்து வேலிவரை நீண்டது. பிரைமஸ் அடுப்பிலிருந்து அப்படியே கரியோடு தாமதமாக வந்து, அந்த வரிசையின் வாலில் கடைசி ஆளாக நின்றார்.

கிழவர் வாயைத் திறக்கும் நேரம். குவாக்கோ தன் இடத்தை விட்டுக் கிளம்பினான். வரிசையோரமாகவே நடந்தான். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. வால்வரை போய், பிரைமஸின் முதுகைப் பார்த்து நின்றான்.

"திரும்பு" என்றான்.

பிரைமஸ் திரும்பிப் பார்த்தார். "குவாக்கோ, போய் உன் எடத்துல நில்லு. வேணாம்பா."

"திரும்புன்னேன்ல." நீலக் கோட்டைக் கழற்றி, கரிச் சட்டைமேல் அவருக்குப் போட்டுவிட்டு, அவரைத் தோளைப் பிடித்து வேலிப் பக்கம் திருப்பினான். சுற்றிப் போய் அவருக்குப் பின்னால், மரத்தடிப் பக்கமாக, தான் நின்றான். பிறகு தன் பின்பக்கம் இருந்த வரிசையைப் பார்த்து, வாழ்நாளில் முதல் தடவையாக உரக்கக் கத்தினான்: "எல்லாரும் திரும்புங்கடா!"

ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மரத்தடிவரை முழு வரிசையும் திரும்பியது. வால் தலையாகிவிட்டது. கிழவர் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினார்: "அசையாதே!"

ஹாக்ஸி துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் துரைமார்கள் அவரைச் சூழ்ந்து கையைக் குலுக்கத் தொடங்கிவிட்டார்கள். சரி, குதிரையைக் கொண்டுவாருங்கள் என்பதைத் தவிர அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. கரோலினாவுக்கு விற்கிற பேச்சு போயிற்று. என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. மறு நிமிஷமே கேப்டன் முகம் கண்ணில் பட்டது.

குவாக்கோவைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். "பைத்தியக்காரா! கேப்டன் விட்டு வைப்பாரா உன்ன?"

"அந்தக் குதிர எனக்கு ஆகல. முதுகு வலிக்குது" என்றான். முறைத்தான்.

அன்றைக்கு நான் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்தேன். ஹாக்ஸி வீட்டுச் சமையற்காரி எனக்குப் பரிமாறினாள். பேருக்கு நின்ற பையன் ஒதுங்கிக்கொள்ள, தோற்றவன் என்ற முறையில் குவாக்கோதான் முதல் கிளாஸைத் தூக்கினான். ஒரு வாய்கூட எனக்கு இறங்கவில்லை.

இலையுதிர் காலத்தில் கேப்டன் அவனைக் கப்பலேற்றினார். காலிப் பீப்பாய்களையும் அவனையே உருட்டி ஏற்றச் சொன்னார். துறைவரை பிரைமஸும் வந்தார். இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். அடித்தட்டில் சிறுவர்களாக அப்படித்தான் படுத்து வந்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

வசந்தத்தில் கப்பல் திரும்பியது. அவனுக்கு ஈடாக வந்த பாகுப் பீப்பாய்களில் ஒன்றை எங்கள் சமையற்கட்டில் இறக்கினார்கள். அவன் கையால் தட்டியதுதான், இரண்டு தடவை கடல் தாண்டி வந்திருக்கிறது, பலகை இடுக்கில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. கேப்டன் தட்டிப் பார்த்து, "நல்ல வேலக்காரன்தான்" என்றார். அதைத் திறந்து கேக் செய்யச் சொன்னார். செய்தேன்.

பிரைமஸ் கிழவராகி, என் மடியில் தலை வைத்துத்தான் போனார். கேப்டன் செத்து எனக்கு விடுதலை வந்தபோது எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். ஊரில் என் கேக்குக்கு நல்ல பேர். ஜன்னலில் நின்று சாப்பிடுகிறவர்கள், "நீயும் ஒரு துண்டு எடுத்துக்கோயேன் ஜூபா" என்பார்கள். பல்வலி என்று சொல்லிவிடுவேன். அந்தப் பீப்பாயைத் திறந்த நாளிலிருந்து பாகு போட்டது எதையும் நான் வாயில் வைத்ததில்லை.