பச்சையாகக் காட்டிய தெரு

வெள்ள முகாமாக்கியிருந்த பள்ளிக்கூட வகுப்பறையில் நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அப்பாவைப் படுக்க வைத்திருந்தோம். தலையைத் துவட்டக்கூட உலர்ந்த துணி இல்லை. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் களகளவென்று ஒரு சத்தம். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு கிடையாது. ஆனாலும் வாசலில் காலடி கேட்டால் கண் அங்கே ஓடிவிடும். மகன் வருவான் என்றுதான்.

மகன் என்றால் என் தம்பி. வெள்ள மீட்பு அலுவலகத்தில் வேலை. தெருவில் அவனுக்குக் 'கம்ப்யூட்டர்' என்றே பெயர். போன மாதம் வந்து எல்லோருடைய போனிலும் எதையோ ஏற்றிவிட்டுப் போனான். "தண்ணி ஏறுச்சுன்னா இந்த போன் எங்க இருக்குன்னு எங்க ஸ்கிரீன்ல தெரியும்க்கா. அங்க படகு வரும். போன் மட்டும் செத்துடாம பாத்துக்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்." அவனை நம்பித்தான், பக்கத்துத் தெருவில் பாதிப் பேர் மூட்டை கட்டியபோது, அப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே அலைவது என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

தண்ணீர் வந்தது, படகு வரவில்லை. பக்கத்துத் தெருவுக்கு வந்த படகு எங்கள் முனையோடு திரும்பிப் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் நான் இஸ்திரி போடும் மேசையைக் கவிழ்த்து, அதில் அப்பாவைக் கட்டி, நானும் வீட்டுக்காரரும் கழுத்தளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தோம். வழியில் இரண்டு தடவை அப்பா முங்கிப் போனார்.

மறுநாள் ஒரு அதிகாரி வந்தார். பின்னால் தம்பி, கழுத்தில் அட்டை தொங்க. எனக்குப் போன உயிர் வந்தது.

"எங்க ஸ்கிரீன்ல உங்க தெரு முழுக்கப் பச்சையா இருந்துச்சேம்மா? எல்லாரும் மெயின் ரோட்டு மாடிக்குப் போயிட்டதா காட்டுச்சு" என்றார் அதிகாரி.

"போன்தான் சார் மாடிக்குப் போச்சு. நாங்க போகல."

மழை தூறினாலே எங்கள் தெருவில் கரண்ட் போய்விடும். எல்லோரும் அந்த மாடியிலிருக்கும் கடையில்தான் போனை சார்ஜுக்குப் போடுவோம். அன்றும் போட்டோம். எடுத்து வருவதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டது. அதை அவரிடம் சொன்னேன்.

"இது நமக்கு யாருக்குமே தெரியாதே!" அதிகாரி தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

தெரியாதா? காலேஜ் படித்த காலமெல்லாம் சாயங்காலத்தில் அந்தக் கடையில் எல்லோர் போனுக்கும் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தவன் அவன். திரையில் தெருவே அந்த ஒற்றை மாடியில் குவிந்து கிடந்ததைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள்; நானும் இந்தத் தெருக்காரன்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும். அலுவலகத்து ஆள் ஒருவரைக்கூட அவன் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. ஏனென்று அப்போதுதான் உறைத்தது.

"யாரும் சொல்லல சார்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, முன்னாடியே நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

அம்மாவாம். நீங்களாம். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். 'அடப்பாவி' என்று வாய் வரை வந்தது. அத்தனை பேர் நடுவில் அவன் தலைகுனிந்து நிற்பானே என்று விழுங்கிக்கொண்டேன். அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்பா அவனைப் பார்த்துவிட்டார். நல்லாயிருந்த கையைத் தூக்கி, அவன் அட்டைக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவருக்கு உன்ன ரொம்பப் பிடிச்சுப் போச்சுப்பா" என்று அதிகாரி சிரித்தார்.

தம்பியும் சிரித்தான். சிரித்தபடியே அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான்.