புத்தகத்துக்குள் பேருந்துச் சீட்டு

மாவட்ட நூலகத்தின் கடைசிக் கிளை மில்லுக்கு எதிரே இருந்தது. அதை நடத்தியவளுக்கு 'உஷ் அக்கா' என்று பெயர். தும்மினால்கூட "உஷ்" என்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அங்கே யாரும் புத்தகத்தை இரவல் எடுப்பதில்லை. ஒரே அறையில் முறை வைத்துத் தூங்குகிற மில் தொழிலாளிகளுக்கு வீட்டில் படிக்க ஏது இடம்? வேலை முடிந்ததும் நூலகத்திலேயே உட்கார்ந்து நாலு பக்கம் படிப்பார்கள். விட்ட இடத்தில் பேருந்துச் சீட்டு, நூல் துண்டு, கொண்டை ஊசி என்று கைக்குக் கிடைத்ததைச் செருகிவிட்டுப் போவார்கள். அக்காவுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

புத்தகம் இரவல் போகாத கிளைகளை மூடப்போகிறார்களாம், அதற்கு ஆய்வு அதிகாரி வருகிறாராம் என்றதும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடமாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று காலையிலேயே எல்லாப் புத்தகங்களையும் உதறி, விழுந்ததையெல்லாம் குப்பைக்கூடையில் போட்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அதிகாரி வந்து நாலைந்து புத்தகங்களைப் புரட்டினார். எதிலும் இரவல் முத்திரை இல்லை. எல்லாரும் இங்கேயே படிக்கிறார்கள் என்று அக்கா சொல்ல, அவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். வாய்ப்பேச்சை நம்பி எப்படிக் கிளையை வைத்திருப்பது என்று கேட்டார். சாட்சியெல்லாம் குப்பைக்கூடையில் கிடப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மில் சங்கு ஊதியது. கதவு திறந்தது.

முதலில் வந்த தறிக்காரர் தன் புத்தகத்தைப் பிரித்ததும் முகம் சிவந்தார். "நான் வச்ச நூல் துண்டை எவன் எடுத்தான்? கொலைகாரன் மாட்டப்போற இடத்துல வச்சிருந்தேன்."

கேன்டீன்காரம்மா தன் கொண்டை ஊசியைத் தேடினாள். பின்னால் வந்தவர்களும் சேர்ந்துகொள்ள, நூலகம் சந்தைக்கடையாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் நேரே அதிகாரியிடம் போய், கையில் இருப்பது தன் புத்தகம், சீட்டை எங்கே போட்டீர்கள் என்று மல்லுக்கு நின்றார். மனிதர் திருதிருவென்று விழித்தார்.

அக்கா கூடையைத் தூக்கி வந்து மேசைமேல் கவிழ்த்தாள்.

"அவரை விடுங்க. நான்தான் எடுத்தேன்."

மேசையில் குவியல் சரிந்தது. அவரவர் அடையாளத்தைப் பொறுக்க ஆளுக்கொரு பக்கமிருந்து பாய்ந்தார்கள். அதிகாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தயாராகக் கொண்டுவந்திருந்த மூடும் உத்தரவைப் பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார்.

"கிளை இருக்கும்மா. இனிமே இங்க உக்காந்து படிக்கிறதையும் கணக்குல எடுத்துப்போம்."

கூரை அதிரக் கூச்சல் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில், பழக்கதோஷம், அத்தனை பேரும் அக்காவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் விரலும் தானாக உதட்டுக்குத்தான் போனது. பாதியில் இறக்கினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் கத்துங்க," என்றாள்.